தாத்தா காலத்து மீன்

எங்கள் அடுக்ககத்தின் கழிவுத்தொட்டி நிரம்பி வழிந்த வாரத்தில்தான் வேம்புலி எனக்குப் பழக்கமானார். நட்பு தொடங்க இதைவிட வாசனையான சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் அண்ணனூருக்கும் மேனாம்பேட்டுக்கும் இடையில் குடியிருக்கிற எவரும் என்றைக்காவது அவரைத் தேடிப் போகத்தான் வேண்டும். அவர் உறை இறக்குகிறவர். தரையில் வட்டமாகக் குழி வெட்டி, சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே இறக்கி, நாம் மறந்துவிட விரும்புகிற எல்லாவற்றுக்கும் ஓர் இடம் செய்து கொடுப்பார்.

நான் கோவில்பட்டிக்காரன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில், அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை என் அம்மா இன்னும் நம்பவில்லை. குடியிருப்போர் சங்கத்தில் மற்ற எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டதால், குழி வெட்டுவதை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மேற்பார்வை என்றால் மேலே நின்று பார்ப்பது. அதை நன்றாகவே செய்தேன்.

மேலே இரண்டு பேர் கயிறு பிடிக்க, குழிக்குள் வேம்புலி மட்டும் குத்துக்காலிட்டு வெட்டுவார். உள்ளே கையை ஓங்க இடமிருக்காது. குட்டைக் காம்பு போட்ட மண்வெட்டி, பாதியாக அறுத்த கடப்பாறை, ஒரு வாளி. முதலில் கட்டட இடிசல் வந்தது. பிறகு செஞ்சரளை. பிறகு கையில் ஒட்டினால் போகாத மஞ்சள் களி. அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில், ஏடு ஏடாகப் பிரிகிற கல். அது தட்டுப்பட்டதும் கடப்பாறைச் சத்தம் நின்றுவிட்டது. மேலே நின்றவர்கள் கயிற்றைக் கட்டிவிட்டு பீடி பற்றவைத்தார்கள்.

உள்ளே என்ன ஆயிற்று என்று பதறினேன்.

"ஒண்ணியும் ஆவல சார்" என்றார் பீடிக்காரர். "அண்ணாத்தே மீன் பாக்குது."

வாளியில் ஈரச் சாக்கு சுற்றி மேலே வந்தது ஒரு பலகைக் கல். வேம்புலி ஏறி வந்து, இடுப்பிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். அம்பத்தூரை அடுத்த பாடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் ஹாக்ஸா பிளேடைத் தீட்டிச் செய்தது. கல்லின் விளிம்பில் வைத்து, பழைய புத்தகத்தில் ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிப்பதுபோல நெம்பினார். கல் திறந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு மீன். பழுப்பு நிறம். முள், செதில், வால் எல்லாம் அப்படியே. எங்கள் மேனேஜரிடம் கேள்வி கேட்கப் போன புதுப் பையனைப் போல வாய் பாதி திறந்திருந்தது.

வேம்புலியின் வீடு எங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம். எங்கள் அடுக்ககத்தின் பெயர் 'லேக் பிரீஸ்'. அந்தத் தெருவின் பழைய பெயர் ஏரிக்கரைத் தெரு. ஏரியை ஆக்கிரமித்த வீடுகள் என்று முதல் தடவை நோட்டீஸ் வந்தபோது, தெருச் சங்கம் கூடி அன்பு நகர் என்று மாற்றிக்கொண்டது. அது ஏரியே இல்லை, மேய்ச்சல் மேடு, அந்தக் காலத்தில் கழனி வேலைக்கு வந்த தங்கள் தாத்தாக்கள் குடிசை போட்ட இடம் என்பது அவர்களுடைய வாதம். ஏரியின் பெயரை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவர்கள் அதை விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

ஒரே அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பின்னால் கழிப்பறை. கட்டிலுக்கடியில், பரணில், சாமி படத்துக்குக் கீழே எல்லாம் மீன் கல். பத்திரிகைத் தாளில் சுற்றி, மேலே ஈரச் சாக்கு போர்த்தி நிழலிலேயே வைத்திருந்தார். அந்தக் கல் மண்ணுக்குள் ஈரமாகவே இருந்து பழகியது. மெல்ல மெல்லக் காய வேண்டும். பாதி காய்ந்ததும் மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசுவார். பூசிய பிறகும் ஒரு பொழுது வெயில் பட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அதனால் அந்த வீட்டில் அடிக்கடி கேட்கிற வாக்கியம், "வெயில்ல வெக்காத."

கேட்கிறவர் அவர் மனைவி நாகவல்லி. சாயங்காலம் வாசலில் அடுப்பு வைத்து மீன் வறுத்து விற்பார். மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் சோள மாவும் பிசறி, எலுமிச்சை பிழிந்து ஊறவைத்த ஜிலேபி மீன். எண்ணெயில் விழுந்ததும் தெருமுனை வரை மணக்கும். ரயில் கார் ஷெட்டில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் நின்று தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். எங்கள் அடுக்ககத்துச் சைவர்கள் சிலரும் இருட்டான பிறகு வருவதுண்டு. யார் என்று சொல்ல மாட்டேன்.

"ஒரே ஊட்ல ரெண்டு மீன் யாவாரம் சார்" என்பார் நாகவல்லி. "என் மீனு நாலு நாள்ல நாறும். இவுரு மீனு நாறவும் நாறாது, வேவவும் வேவாது."

கல்லூரியில் என்னோடு படித்துப் பிறகு நிலவியல் பக்கம் போன ஒரு நண்பனுக்குப் படம் அனுப்பினேன். பத்துப் பன்னிரண்டு கோடி வருடம் இருக்கும், அங்கே அப்போது பெரிய நன்னீர் ஏரி இருந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. ஏதோ நானே அந்த மீனை வளர்த்தவன் மாதிரி பெருமையோடு போய் வேம்புலியிடம் சொன்னேன். டைனோசர் வரை விளக்கினேன். அடுத்த வீட்டுக் குழந்தை பாட்டு ஒப்பிக்கும்போது நாம் காட்டுகிற மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.

"மன்ச்சனே இல்லாத காலமா சார்?"

ஆமாம் என்றேன்.

"அப்ப இந்த ஏரில யாரு மீன் புட்ச்சாங்க?"

யாரும் இல்லை என்றேன். கல்லைத் துடைத்து முடித்தார். பிறகு, "பாவம்" என்றார். மீனைச் சொன்னாரா, யாருமே இல்லாத ஏரியைச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் கழிந்து ரோஷினி என்ற பெண் கேமராவோடு வந்தாள். தெருத்தெருவாகத் தின்று பார்த்து யூடியூபில் போடுகிற பெண். வந்தது நாகவல்லியின் ஜிலேபி மீனுக்காக. கை கழுவ உள்ளே போனவள் கட்டிலுக்கடியில் பார்த்துவிட்டாள். வேம்புலி தலை வாரி, சட்டை மாற்றி, தன் வீட்டுக் கழிப்பறைக் குழியில் கிடைத்த மீனையே முதலில் எடுத்துக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். அதை 'ஊட்டு மீன்' என்பார். எத்தனை வருஷத்துப் பழசு என்று அவள் கேட்டாள்.

"எங்க தாத்தா காலத்துல இந்த எடமே ஏரிதாம்மா" என்றார் வேம்புலி, கேமராவை நேராகப் பார்த்து. "ஊட்டுக்குக் கீயயே மீன் கீது."

லட்சம் பேர் பார்த்தார்கள். தெருவே பார்த்தது. தெருச் சங்கச் செயலாளர் தங்கராஜ், நாகவல்லியின் தம்பி, அண்ணனூர் கார் ஷெட்டில் ஒப்பந்தத் தொழிலாளி, அவனே எல்லாருக்கும் அனுப்பி 'எங்கள் மாமா' என்று போட்டான். நானும் கட்டைவிரல் தூக்கினேன். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மாசி மாதம் விசாரணைக்கு வரச்சொல்லி மறுபடி நோட்டீஸ் வந்தது. தெருவில் எல்லாரும் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். படித்தவன் ஒருவன் கூட இருக்கட்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள். மேய்ச்சல் மேடு பற்றித் தங்கராஜ் நன்றாகவே பேசினான். அதிகாரி அம்மாள் நடுவயதுக்காரர், களைத்த முகம், கோபமில்லாத குரல். முழுவதும் கேட்டுவிட்டு, தன் போனை மேஜைமேல் திருப்பி வைத்தார். வேம்புலி போனுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். தாத்தா காலத்தில் இந்த இடமே ஏரி என்று இன்னொரு தடவை சொன்னார்.

"இது நீங்கதானே?"

"நான்தாம்மா."

"அப்ப ஏரின்னு நீங்களே சொல்றீங்க."

வேம்புலிக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டையின் கீழ் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, அது பத்து கோடி வருசம்னு இந்த சார்தான் சொன்னாரு. அவ்ளோ சொன்னா எவன் நம்புவான்? பீலா வுடறான்னு சிரிப்பாங்க. அத்தொட்டுதான் கொஞ்சம் கொறச்சி, தாத்தா காலம்னு சொன்னேன்."

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்பத்தூரின் ஆதிகாலத்தைப் பற்றிச் சிறு உரை ஆற்றினேன். நன்னீர் ஏரி, வண்டல், கோடிக்கணக்கான ஆண்டுகள். என் வாழ்க்கையிலேயே தெளிவாகப் பேசிய நாள் அது.

"ஆக, ஏரிதான்" என்றார் அதிகாரி.

"ஆமா மேடம், ஆனா..."

என்னுடைய ஆனாலுக்கு அந்த அறையில் யாரிடமும் நேரமில்லை. நான் வாயைத் திறந்ததில் ஏரியின் வயது கூடியது, அவ்வளவுதான். கிளம்பும்போது அதிகாரி என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்: வீடியோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரைபடத்தில் அந்த இடம் நீல நிறம், தன்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, மேலே இன்னொருவர் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார்.

இதைத் தெருவில் எல்லாரிடமும் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. வரைபடத்தைச் சட்டையைப் பிடித்துக் கேட்க முடியாது. வேம்புலிக்குச் சட்டை இருந்தது.

யாரும் அடிக்கவில்லை. பேசுவதை நிறுத்தினார்கள். தண்ணீர் லாரி வரும்போது வரிசையில் வைத்த நாகவல்லியின் குடம் கடைசிக்கு நகர்ந்திருக்கும். யார் நகர்த்தியது என்று தெரியாது. எதிர்வீட்டுக் கன்னியம்மாள், தினமும் மீன் பொரிந்த எண்ணெயில் கொஞ்சம் குழம்புக்கு வாங்கிப் போகிறவர், வாசலில் போட்டிருந்த கட்டிலைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கார் ஷெட்டுக்காரர்கள் வேறு வழியாகப் போனார்கள். ஆனாலும் நாகவல்லி தினமும் மீன் வாங்கினார், பிசறினார், அடுப்பு மூட்டினார். எண்ணெய் காய்ந்து, புகைந்து, ஆறும். விற்காத மீனை அவர்களே காலையிலும் மத்தியானத்திலும் தின்றார்கள். நான் ஒருவன் வாங்கித் தின்றதில் எனக்கு வயிற்றுப்போக்கு ஆனதைத் தவிர வியாபாரத்தில் முன்னேற்றமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கராஜ் வந்தான். நான் அங்கேதான் இருந்தேன். உள்ளே வராமல் வாசற்படியில் குந்திக்கொண்டான். போன வருஷம்தான் தன் வீட்டுக்கு மேலே ஓர் அறை கட்டியிருந்தான். சுவரில் இன்னும் பூச்சு வேலைகூட முடியவில்லை.

"மாமே, வெள்ளிக்கெயம நேர்ல பாக்க வராங்க" என்றான். "கல்லு எல்லாம் வெளில வாங்கியாந்தது, அக்கா கடைக்கு ஆள் சேக்கறதுக்கு டூப்பு வுட்டேன்னு சொல்லிடு."

"நான் வெட்டி எட்த்தது தங்கராசு."

"நீ வெட்டி எட்த்ததுன்னு எனக்குத் தெரியாதா? அத்த சொல்லித்தான் இப்ப தெருவே நாசமாப் பூட்ச்சி." குரல் உயரவில்லை. "எனக்காவ வாணாம். அக்கா மூஞ்சப் பாரு. ஒரு ஈ காக்கா வர்ல ஒங்க வாசலுக்கு."

நாகவல்லி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்றேன்" என்றார் வேம்புலி கடைசியில். "நான் பொய்யின்னு சொல்லிடறேன். கல்ல ஒடைக்கச் சொல்லாத."

"கல்லு ஊட்ல கீற வரிக்கும் எவன் நம்புவான் மாமே?"

நான் உள்ளே புகுந்தேன். எல்லாவற்றையும் என் ஃபிளாட்டில் வைத்துக்கொள்கிறேன், குளியலறை ஒன்று சும்மாதான் கிடக்கிறது, ஈரமும் நிழலும் இலவசம் என்றேன். வேம்புலியின் முகம் தெளிந்தது. தங்கராஜ் என்னைப் பார்த்த பார்வையில், எங்கள் மதில் சுவரின் உயரம் முழுதும் தெரிந்தது. மறுநாள் வந்து எடுத்துப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம், அமெரிக்கா போகும் கனவில் நான் வாங்கி வைத்திருந்த சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு போனேன். மீன்கள் தெருவில் இருந்தன. வீட்டின் முன்னே, நடுத்தெருவில், சாக்குகளை விரித்து, கருவாடு காயப்போடுவது போல ஒன்றையொன்று தொடாமல் வரிசையாகப் பரப்பியிருந்தார் நாகவல்லி. பக்கத்தில் ஒரு முக்காலியில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தார். கையில் குச்சிகூட இருந்தது. பழக்கம்தான். கருவாட்டுக்குக் காக்கை வரும்.

வேம்புலி பாடிப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்.

வெயிலில் கல் பேசும் என்று எனக்கு அதுவரை தெரியாது. டிக், டிக் என்று சின்னச் சத்தம். ஓரம் சுருண்டு, ஏடு விலகி, செதில் தூக்கிக்கொண்டு, காற்று வந்தால் பறந்தது. நான் ஒரு கல்லை எடுக்கக் குனிந்தேன்.

"வுடு சார்" என்றார் நாகவல்லி. "ஒங்க ஊட்ல வெச்சா எங்க தெருவுக்கு எப்டித் தெரியும்?"

தெரு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஆள். கொஞ்ச நேரம் கழித்துக் கன்னியம்மாள் தன் கட்டிலை விட்டு எழுந்து, கால் சுடச்சுட நடந்து வந்து நாகவல்லியின் பக்கத்தில் உட்கார்ந்தார். வெற்றிலையை மடித்து ஒன்றை அவரிடம் நீட்டினார். "காக்கா கூட இத்தத் தூக்கிகினு போவாதுடி" என்றார். நாகவல்லி சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வெகுநேரம் எடுக்கவில்லை. நான் காலிப் பெட்டியை உருட்டிக்கொண்டு திரும்பினேன். அந்தச் சக்கரச் சத்தத்தை இவ்வளவு நாள் எப்படிப் பொறுத்துக்கொண்டேனோ.

பொழுது சாய வேம்புலி வந்தபோது சாக்கில் சாம்பல் நிறப் பொடியும் சில்லுகளும் கிடந்தன. ஊட்டு மீன் எது என்று அவருக்கே அடையாளம் தெரிந்திருக்காது. நின்று பார்த்தார். பிறகு சாக்குகளின் நாலு முனையையும் கூட்டிப் பிடித்து, பின்னால் தூக்கிப் போய், கழிப்பறைக் குழியின் மூடியை நகர்த்திக் கொட்டினார். திரும்பி வந்து கை கழுவிக்கொண்டார்.

"துன்னியா?" என்று மனைவியைக் கேட்டார்.

"இல்ல."

"வெயில்ல குந்திகினு இருந்திருக்க. துன்னு."

அன்று சாயங்காலம் நாகவல்லியின் கடையில் நிற்க இடமில்லை. வெள்ளிக்கிழமை வந்தவரிடம் வேம்புலி, கல்லெல்லாம் சந்தையில் வாங்கியது, வீடியோவுக்காகப் பொய் சொன்னேன் என்று ஒப்பித்தார். சரி என்று தலையாட்டிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போனார். தெரு வேம்புலியை மன்னித்தது. மன்னிப்பு நன்றாகவே நடந்தது. குடம் பழைய இடத்துக்கு வந்தது. கல் உதிர்ந்த பிறகு வேம்புலி குழி வெட்டும்போது கடப்பாறைச் சத்தம் நிற்பதே இல்லை என்று பீடிக்காரர் ஒருநாள் என்னிடம் சொன்னார். கயிறு பிடித்துக் கை ஓய்கிறதாம்.

சித்திரை வெயிலில், ஒரு காலை, ஜேசிபி வந்தது.

முதலில் மின்சாரத்தை வெட்டினார்கள். பிறகு சாமான்கள் தெருவுக்கு வந்தன. பிரிட்ஜ், கட்டில், கிரைண்டர், சாமி படங்கள். எதுவும் வீட்டுக்குள் இருந்த அளவில் இல்லை. எல்லாம் சிறிதாகத் தெரிந்தன. தங்கராஜ் கொஞ்ச நேரம் அதிகாரிகளோடு வாதாடினான். பிறகு சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, அடுத்தவர்களின் பீரோவைத் தூக்கப் போய்விட்டான். ஊருக்கு வெளியே எங்கோ, மாடிமேல் மாடியாகக் கட்டிய வீடுகளில் இடம் என்றார்கள். வேம்புலிக்கு ஏழாவது மாடி. எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் 'ஏரி மீட்பு' என்று ஒருவர் போட, கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான் போனை அணைத்துவிட்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு அங்கே நின்றுகொண்டிருந்தேன். மேற்பார்வை எனக்குப் பழகிப்போயிருந்தது.

வேம்புலி சாமானேற்றிய மினி லாரியின் முன்சீட்டில், மடியில் டிவியை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கூரை உடைந்த சத்தத்துக்கும் திரும்பவில்லை. சுவர் விழுந்தபோதும் இல்லை.

கடைசியில் இயந்திரம் பின்னால் போய்க் கழிப்பறையைத் தோண்டியது. அவர் கையால் இறக்கிய உறைகள் முறுக்கு மாதிரி நொறுங்கி வந்தன. அதற்கும் கீழே ஒரு தடவை பல்லை இறக்கி, அள்ளி, பக்கத்தில் கொட்டியது. சாம்பல் நிறக் கல். விழுந்த வேகத்தில் ஒரு பலகை இரண்டாகத் திறந்துகொண்டது.

ஓட்டிய பையன் இயந்திரத்தை நிறுத்தினான். முழங்கை நீளத்துக்கு இருந்தது அந்த மீன். வேம்புலி இத்தனை வருஷம் எடுத்த எதுவும் அதில் பாதி இல்லை. செதில்களில் இன்னும் ஈரம் மினுங்கியது. தெரு முழுதும் பார்த்தது. இப்போது அதை ஒளிக்க ஒரு காரணமும் இல்லை, காட்டவும் ஒரு காரணமும் இல்லை.

நாகவல்லிதான் முதலில் நகர்ந்தார். லாரியிலிருந்து ஒரு சாக்கை உருவி, கன்னியம்மாளின் குடத்தில் இருந்த தண்ணீரில் முக்கினார். எங்கேயும் குடிக்கத் தண்ணீர் இல்லாத அன்று அது கடைசிக் குடம். கன்னியம்மாளே குடத்தைச் சாய்த்துப் பிடித்துக் கொடுத்தார். தங்கராஜ் ஒரு பக்கமும் ஜேசிபிப் பையன் மறுபக்கமும் தூக்க, நாகவல்லி கல்லைக் குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி, லாரியின் பின்பக்கம், பாத்திரங்களுக்கு நடுவே கிடத்தி, பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, தன் புடவை முந்தானையால் நிழல் பிடித்தார்.

வண்டி அசைந்ததில் வேம்புலிக்குத் தெரிந்திருக்கும்.

"இன்னா ஏத்துன?" என்றார் திரும்பாமல்.

"அம்மி."

அம்மியை அவரே காலையில் ஏற்றியிருந்தார். டிவியின் இருண்ட கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகவல்லி கேபினின் பின்பக்கச் சன்னலைத் தட்டினார். "ஜல்தியா ஓட்டு நைனா. ஈரம் காயறதுக்குள்ள போய்ச் சேரணும்."

ரொம்பத் தூரம் அம்மா, ரெண்டு டோல்கேட் தாண்டணும் என்றான் டிரைவர். வெயில் அப்போதே தார் ரோட்டை இளக்கத் தொடங்கியிருந்தது. வேம்புலி கையை வெளியே நீட்டினார். எதற்கு என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆயிற்று. என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, தலையைத் திருப்பாமலே, தோளுக்கு மேலாகப் பின்பக்கச் சன்னல் வழியே நீட்டினார். நாகவல்லி வாங்கிக்கொண்டார். வண்டி கிளம்பியது.